குளிர்பதனப் பெட்டிக்கு நிதி இல்லை

கடந்தகாலக் காலநிலையைப் பற்றிய மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக நான் அனுப்பியிருந்த முன்மொழிவுக்குச் சென்ற மாதம் ஒப்புதல் வந்தது. மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு, நான்காவது முறையாக ஏற்கப்பட்ட முன்மொழிவு அது என்பதால், கடிதத்தைப் பிரித்தபோது கை நடுங்கியது உண்மை. இணைக்கப்பட்டிருந்த செலவுப் பட்டியலில் ஆய்வு உதவியாளர் சம்பளம், களப்பயணம், நுகர்பொருட்கள், மாதிரிகளின் வயதை அறியும் காலக்கணிப்புக் கட்டணம், எதிர்பாராச் செலவு ஆகிய அனைத்தும் சிறுசிறு குறைப்புகளோடு இடம்பெற்றிருந்தன. உபகரணம் என்ற தலைப்பில் நான் கேட்டிருந்தது ஒரே ஒரு பொருள்: மாதிரிகளை 4 பாகை செல்சியஸில் வைத்திருக்கும் பெரிய குளிர்பதனப் பெட்டியும், மின்தடையின்போது அதை இயக்கும் யூபிஎஸ்ஸும். அந்த வரி முழுவதுமாக நீக்கப்பட்டு, மாதிரிகளைச் சேமிக்கும் வசதி விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு என்று அருகில் எழுதப்பட்டிருந்தது.

நிதிக்குழுவினர்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. குறைந்த பணத்தைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டியவர்கள், பெட்டி வாங்குவதைவிட ஆய்வு நடப்பது முக்கியம் என்று நினைப்பது இயல்புதான். ஆயினும் தொல்காலநிலை ஆய்வுக்கு நிதி தேடி அலையும் இளைய ஆய்வாளர்கள் பலர் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்பதாலும், எங்கள் துறையின் வரலாற்றை ஓரளவு படித்தவன் என்பதாலும், நீக்கப்பட்ட அந்த ஒரு வரியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. கடந்தகாலக் காலநிலையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பெரும்பகுதி, வேறு எதற்கோ எடுக்கப்பட்டு, யாரோ ஒருவர் பொறுப்பாகப் பாதுகாத்து வைத்திருந்த பொருட்களிலிருந்து வந்தது. அந்தப் பாதுகாப்புக்குத்தான் எல்லா நாடுகளிலும் பணம் கடைசியாகக் கிடைக்கிறது.

முதலில் என் மாதிரி எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் மேட்டுச் சமவெளியில், குன்றுகளுக்கு இடையே நீர் தேங்கும் பள்ளங்களில், முழுவதும் மட்கிப் போகாத தாவரப் பகுதிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. பீட் என்று அழைக்கப்படும் இந்தக் கரிய சதுப்பு மண் வெப்பமண்டலத்தில் அரிது. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் இந்த மண்ணில் உள்ள கரிம ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் கரிம அணுவகைகளை, அளந்து, 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை தென்னிந்தியத் தொல்காலநிலை ஆய்வில் ஒரு மைல்கல். மரங்களும் புதர்களும் கரிமத்தை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. வறட்சியைத் தாங்கும் வெப்பமண்டலப் புற்களின் விதம் வேறு. மண்ணில் எந்தக் கரிமம் மிகுந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்தில் மலையில் ஈரம் நிலவியதா, வறட்சி நிலவியதா என்று சொல்ல முடியும். கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், நீலகிரியில் பருவமழை மெலிந்து வறட்சிப் புற்கள் ஓங்கியிருந்தன என்று அந்த மண் சொன்னது. 1997இல் வெளியான தொடர்ச்சிக் கட்டுரை அந்தப் பதிவை 40,000 ஆண்டுகள் வரை பின்னோக்கி நீட்டியது.

நாங்கள் சதுப்பில் இறக்கும் கருவி, ஓர் ஆள் உயரக் கம்பியின் நுனியில் பொருத்தப்பட்ட அரை உருளை. அதை வேண்டிய ஆழத்திற்கு அழுத்தி, பாதிச் சுற்று திருப்பினால், ஐம்பது சென்டிமீட்டர் நீளத்திற்கு மண்ணை உள்ளே அடைத்துக்கொள்ளும். கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். இப்படி எடுக்கப்படும் நீள உருளையை நாங்கள் கோர் என்றே சொல்வோம். ஆழத்திலிருந்து வெளியே வரும் பீட் முதலில் இளம்பழுப்பாக, சில இடங்களில் புல்லின் நார் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். காற்றுப் பட்ட சில நிமிடங்களில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது கறுத்துவிடும். அழுகிய முட்டையின் வாடை கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாது. நெடுக்காகப் பிளந்த பிவிசி குழாயில் அதை வைத்து, பிளாஸ்டிக் தாளையும் அலுமினியத் தாளையும் சுற்றி, எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம், எந்த ஆழம் என்று அழியாத மையால் எழுதுவோம். எழுதிய மாணவர் ஒருவரே வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் குறிப்பேட்டில் சரிபார்ப்பார். ஆயிரம் ஆண்டு மழையைத் தலைகீழாகப் படித்துவிடும் அபாயம் அந்த ஒரு அம்புக்குறியில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், இப்படி எடுத்து வந்த ஒரு கோர், நான் அப்போது பணியாற்றிய கல்லூரியின் துறைக் குளிர்பெட்டியில் இருந்தது. வேதிப்பொருட்களுக்காக வாங்கிய சாதாரண ஃபிரிட்ஜ் அது. பொங்கல் விடுமுறையில் துறையின் பிரதான மின் இணைப்பை யாரோ பாதுகாப்புக்காக அணைத்துவிட்டுப் போனார்கள். ஏழாம் நாள் திறந்தபோது அலுமினியத் தாளுக்குள் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை இக்காலத்துக் கரிமத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். கதிரியக்கக் கரிம முறையில் காலத்தைக் கணித்தால், மண்ணின் உண்மையான வயதைவிடக் குறைந்த வயது வரும். மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியைப் பயன்படுத்தலாம் என்றார் ஒரு நண்பர். பயன்படுத்தவும் செய்தோம். ஆனால் அந்த முடிவுகளை நான் இதுவரை எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. வனத்துறையின் அனுமதி, எட்டு நாள் களப்பணி, ஒரு மாணவரின் ஓராண்டு உழைப்பு எல்லாம் அந்த ஒரு வாரத்தில் நம்பகத்தன்மையை இழந்துவிட்டன.

சேமிப்பின் அருமையை விளக்குவதற்கு கேம்ப் செஞ்சுரியின் கதையைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. வடமேற்குக் கிரீன்லாந்தின் பனிப்படலத்துக்குள் சுரங்கம் தோண்டி, அமெரிக்க ராணுவம் 1959இல் கட்டத் தொடங்கிய முகாம் அது. அணு உலையால் மின்சாரம் பெற்ற அந்த முகாமின் பின்னணியில், பனிக்கு அடியில் ஏவுகணைகளை மறைத்து வைக்க முடியுமா என்ற ரகசியத் திட்டம் இருந்தது. பனி நகர்ந்து சுரங்கங்கள் நெரிந்ததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதே முகாமில் ராணுவப் பொறியாளர்கள் பனியைத் துளைத்துக்கொண்டே போய், 1966இல் 1,387 மீட்டர் ஆழத்தில் அடிநிலத்தைத் தொட்டார்கள். ஒரு பனிப்படலத்தின் மேற்புறத்திலிருந்து அடிவரை கோர் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அந்தப் பனியைப் படிக்கத் தெரிந்தவர் வேறொரு நாட்டில் இருந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த வில்லி டான்ஸ்கார்ட், 1952 ஜூன் மாதத்தில் கோபன்ஹேகனில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பீர் புட்டியின் வாயில் புனலைச் செருகி மழைநீரைச் சேகரித்து, அதில் உள்ள கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பின் அளவு வெப்பநிலைக்கு ஏற்ப மாறுவதைக் கண்டவர். அந்தச் சோதனைக்கு எந்த நிதிக்குழுவின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. ஆனால் பழைய மழையும் பழைய பனியும் அவருக்கு வேண்டியிருந்தன. அவற்றைத் துளைத்தெடுக்கும் வசதி ராணுவத்திடம்தான் இருந்தது. கோருக்குப் பொறுப்பாக இருந்த செஸ்டர் லாங்வேயிடம் மாதிரி கேட்டு, பெற்று, அளந்து, 1969இல் சயன்ஸ் இதழில் அவர்கள் இணைந்து வெளியிட்ட கட்டுரை ஒரு லட்சம் ஆண்டுக் காலநிலையை ஒரே கோட்டில் வரைந்து காட்டியது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. பனிக்கு அடியில் மேலும் மூன்றரை மீட்டர் அளவுக்கு உறைந்த மண்ணையும் அந்தப் பொறியாளர்கள் எடுத்திருந்தார்கள். பனிக்காகவே வந்தவர்களுக்கு அந்த மண்ணில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. ராணுவ ஆய்வகத்தின் உறைபெட்டியிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்துக்கும், 1990களில் அங்கிருந்து கோபன்ஹேகனுக்கும் மற்றப் பனி உருளைகளோடு அதுவும் பயணம் செய்தது. பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டது. 2017இல் உறைபெட்டியில் இருந்தவற்றைப் புதிய இடத்துக்கு மாற்றுவதற்காகப் பட்டியலிட்டபோது, கண்ணாடிச் சாடிகளில் கேம்ப் செஞ்சுரி அடிமண் என்று எழுதப்பட்டிருந்ததைக் கவனித்தார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் அந்த மண்ணைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுள்ளிகளும் இலைத்துணுக்குகளும் பாசியும் தென்பட்டன. 2021இல் அந்தச் செய்தி வெளியாயிற்று. 2023இல் வெளியான அடுத்த ஆய்வு, அந்த மண் கடைசியாக வெயிலைப் பார்த்தது ஏறத்தாழ 4,16,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. இன்று ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் பனி மூடிக்கிடக்கும் இடம், புவியின் வெப்பநிலை இன்றைய நிலைக்கு நெருக்கமாக இருந்த ஒரு காலத்தில், பனியற்ற பசுமை நிலமாக இருந்திருக்கிறது. கிரீன்லாந்து உருகினால் கடல் எவ்வளவு உயரும் என்று கேட்கும் எந்த நாட்டுக்கும், நீண்ட கடற்கரை கொண்ட நம் நாட்டுக்கும், இதைவிடத் தேவையான தகவல் அதிகம் இல்லை.

இதில் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் நுட்பம் ஒன்று உண்டு. மணல்துகள் கடைசியாக எப்போது வெளிச்சத்தைப் பார்த்தது என்று கணிக்கும் முறை, ஒளியால் தூண்டினால் அந்தத் துகள் உமிழும் மங்கலான ஒளியை அளக்கிறது. 1966இல் அப்படி ஒரு முறையே நடைமுறையில் இல்லை. எனவே துளையிட்டவர்கள் அந்த மண்ணை எந்தக் கேள்விக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதியிருக்கவே முடியாது. பிற்காலத்துக் கேள்விக்கு அந்த மண் விடை சொன்னதற்கு ஒரே காரணம், ஐம்பது ஆண்டுகளாக அது உறைநிலையிலேயே, உட்பகுதியில் வெளிச்சம் படாமல் இருந்ததுதான். அந்த ஐம்பது ஆண்டு மின்கட்டணத்தைச் செலுத்தியவர்கள் எந்தக் கட்டுரையிலும் ஆசிரியர்களாக இடம்பெறவில்லை.

கடலிலும் இதே கதைதான். நியூயார்க் அருகே உள்ள லாமண்ட் ஆய்வகத்தை நிறுவிய மாரிஸ் யூயிங், தம் கப்பல்கள் எங்கே சென்றாலும் நாள்தோறும் ஒரு வண்டல் கோர் எடுக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களின் காலத்தில் கடலடியைத் தெரிந்துகொள்ள விரும்பிய அமெரிக்கக் கடற்படையின் பணம் அந்தப் பயணங்களுக்குப் பின்னால் இருந்தது. எந்தக் கேள்விக்காக என்று கேளாமலே எடுக்கப்பட்ட கோர்கள் ஆய்வகத்தில் வரிசையாக அடுக்கப்பட்டன. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து 1967இல் வந்த ஒன்றும் அவற்றில் இருந்தது. அதையும் எல்டானின் என்ற கப்பல் எடுத்த மற்றொன்றையும் இணைத்துத்தான், ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் ஆகிய மூவரும் 1976இல், புவியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியூழிகளின் வரவையும் போக்கையும் நிர்ணயிக்கின்றன என்று நிறுவினார்கள். நம் துறையின் அடித்தளம் என்று சொல்லத்தக்க கட்டுரை அது. ஒருவர் முன்கூட்டியே கேள்வி எழுதி, நிதி பெற்று, கப்பல் அனுப்பித்தான் அந்த வண்டலை எடுக்க வேண்டும் என்றால், அந்தக் கட்டுரை 1976இல் வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. கடலடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் வளத்தைத் தேடி, இந்திய அரசு 2006இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பலை வாடகைக்கு எடுத்தது. எரிசக்திக்காகச் செலவழிக்கப்பட்ட பணம் அது. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் முகத்துவாரத்துக்கு வெளியே அந்தக் கப்பல் எடுத்த ஒரு கோரில், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளாக கோதாவரி கொண்டுவந்து கொட்டிய தாவர மெழுகு படிந்திருந்தது. அந்த மெழுகின் கரிமத்தை அளந்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னும் 1,700 ஆண்டுகளுக்கு முன்னும் தீபகற்பத்தின் நடுப்பகுதி படிப்படியாக வறண்டதை 2012இல் வெளியான ஒரு கட்டுரை காட்டியது. தக்காணத்து வேளாண்மையின் வரலாற்றை எழுதுவோருக்கு அது இன்றியமையாத சான்று. மீத்தேன் தேடிய அதிகாரிகளின் கோப்பில் தக்காணத்து மழை என்ற சொல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இப்படிப் பிறருடைய பணப்பையை நம்பியிருப்பதன் கேட்டையும் சொல்ல வேண்டும். பணம் தருபவரின் தேவைதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். கேம்ப் செஞ்சுரிக்குப் பிறகு கிரீன்லாந்தில் மீண்டும் அடிவரை துளைக்க முயன்றபோது, டான்ஸ்கார்ட் குழுவினர் விரும்பியது பனி நெளியாமல் படிந்திருக்கும் நடுப்பகுதியை. செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக, விமானமும் எரிபொருளும் ஏற்கெனவே வந்து சேரும் ஒரு ராணுவ ரேடார் நிலையத்தின் அருகில், டை 3 என்ற இடத்தில், 1979 முதல் 1981 வரை துளையிட்டார்கள். 2,037 மீட்டரில் அடிநிலம் வந்தது. திடீர்க் காலநிலை மாற்றங்கள் உண்மையாகவே நிகழ்ந்தவை என்று அந்தக் கோர் உறுதிப்படுத்தியது. ஆனால் ஆழத்தில் பனி ஓடிக் குழம்பியிருந்ததால் நெடுங்காலப் பதிவு கிடைக்கவில்லை.

பத்தாண்டுகள் கழித்துத்தான் நடுப்பகுதிக்குப் பணம் வந்தது, அதுவும் இரண்டு மடங்காக வந்தது. ஐரோப்பியர் 3,029 மீட்டரும் அமெரிக்கர் 3,053 மீட்டரும் 28 கிலோமீட்டர் இடைவெளியில் தனித்தனியே துளைத்தார்கள். ஒரே பனிப்படலத்தில் ஒரே வேலைக்கு ஏன் இரட்டைச் செலவு என்று அன்று கேட்டிருக்கக்கூடும். மேல் 90 விழுக்காடு வரை இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அடியில் இருந்த பகுதியில் மாறுபட்டன; அங்கே பனி மடிந்து கலைந்திருக்கிறது என்று அதனால்தான் தெரிந்தது. ஒரு கோர் மட்டும் இருந்திருந்தால், கலைந்த பனியை நாம் காலநிலை என்று படித்திருப்போம். ஒரே ஏரியில் இரண்டாவது கோருக்குப் பணம் கேட்கும்போது மதிப்பீட்டாளர் அதைத் தேவையற்ற செலவு என்று குறிப்பதுண்டு. அப்போதெல்லாம் இந்த இரண்டு துளைகளைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன்.

சிறு தொகையின் பலத்தையும் மறந்துவிடக் கூடாது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லானி தாம்சன், பெரு நாட்டில் 5,670 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெல்காயா என்ற வெப்பமண்டலப் பனிமுகட்டுக்கு 1974இல் முதன்முதலாகச் சென்றது, அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் துருவ ஆய்வு நிதியில் மிச்சமிருந்த 7,000 டாலரைக் கொண்டுதான். பின்னர் துளையிடுவதற்குப் பெரிய நிதி கேட்டபோது, அவ்வளவு உயரத்தில் மனிதரால் வேலை செய்ய முடியாது, அதற்கான தொழில்நுட்பமும் இல்லை என்று மதிப்பீட்டில் எழுதியவர் வேறு யாருமல்லர், டான்ஸ்கார்டேதான். துறையின் தலைசிறந்த மனிதரே தவறக்கூடும் என்பதால், மறுக்கப்பட்ட முன்மொழிவோடு மனம் உடைந்து வரும் மாணவர்களுக்கு இதை நான் சொல்லாமல் அனுப்புவதில்லை. 1983இல் சூரிய ஒளித் தகடுகளால் இயங்கும் துளைக்கருவியைச் சுமந்துகொண்டு ஏறி, தாம்சன் குழுவினர் 1,500 ஆண்டுப் பதிவை எடுத்து வந்தார்கள். இன்று அந்தப் பனிமுகட்டின் உச்சியில் உருகும் நீர் கீழே இறங்கி அடுக்குகளைக் கலைத்துவிடுகிறது. அன்று எடுத்த பனிக்கு ஈடாக இன்று அங்கே போய் வேறொன்றை எடுக்க முடியாது.

அப்படிப்பட்ட பொருள் உறைபெட்டியில் இருக்கும்போது, பெட்டி பழுதானால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2017 ஏப்ரலில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கட்டிய பனிக்காப்பகத்தின் குளிரூட்டும் அமைப்பு செயலிழந்து, கனடிய ஆர்க்டிக்கிலிருந்து எடுக்கப்பட்ட கோர்களில் 180 மீட்டர் உருகிப்போயிற்று. மொத்தச் சேமிப்பில் அது ஏறத்தாழ 13 விழுக்காடு. வசதி மிகுந்த நாட்டில், அதற்கென்றே கட்டிய அறையில் நடந்தது இது.

இனி, முன்மொழிவு எழுதும் நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். நம் நாட்டில் இத்துறைக்குப் பணம் வரும் வழிகள் குறைவு. புவி அறிவியல் அமைச்சகமும், 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் முக்கியமானவை. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களோடு இணைந்து எழுதினால், கருவிகளுக்கு நாம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்கு டெல்லியின் பல்கலைக்கழக இடை முடுக்கி மையம் இருக்கிறது.

முன்மொழிவில் மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது, பழைய மழையைத் தெரிந்து இன்று என்ன செய்யப்போகிறோம் என்பதுதான். இந்தக் கேள்வியை நான் முன்பெல்லாம் அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. வரி கொடுக்கும் மக்களின் பணத்தைக் கேட்பவரிடம் கேட்கத்தக்க கேள்விதான் அது. மழைமானிகளின் பதிவு நம்மிடம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குத்தான் தொடர்ச்சியாக இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வறட்சி என்று அணைக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் கணக்குப் போடும் பொறியாளர், அப்படிப்பட்ட வறட்சியை அந்தப் பதிவில் ஒன்றோ இரண்டோ முறைதான் பார்த்திருப்பார். அது முப்பது ஆண்டுகள் நீடிக்குமா என்று சதுப்பு மண்ணிடமும் குகைப் படிவுகளிடமும் தவிர வேறு எவரிடம் கேட்பது? இதை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே, சுற்றி வளைக்காமல் எழுதிவிடுங்கள். மூன்று ஆண்டுகளில் முடிக்கக்கூடியதை மட்டுமே வாக்களியுங்கள். அனுமதி பெறவே ஓராண்டு ஆகும் என்பதையும், காலக்கணிப்பு ஆய்வகத்தில் வரிசை இருக்கும் என்பதையும் கால அட்டவணையில் மறைக்காதீர்கள். பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை உரிய நாளில் அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. அது வராமல் உதவியாளருக்குச் சம்பளம் தர முடியாமல் போன திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். காலக்கணிப்புக்கு ஐந்து மாதிரி போதும் என்று சிக்கனம் காட்டாதீர்கள். வயது தெரியாத மண்ணைப் பற்றி எவ்வளவு அளந்தாலும் அது காலநிலைப் பதிவு ஆகாது.

கடைசியாக, சேமிப்பு. கடலடித் துளையிடல் திட்டத்தில் ஒவ்வொரு கோரையும் நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். பணிப் பாதி ஆய்வுக்குப் போகும். காப்பகப் பாதியை வெட்டாமல் வைப்பார்கள். அந்தத் திட்டத்தின் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் தேவைப்பட்டது. 2023 மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் அறிவித்து, 2024 ஆகஸ்டில் அதன் கடைசி அறிவியல் பயணம் முடிந்தது. நம் பருவமழையின் வரலாற்றுக்காக 2014இன் இறுதியில் வங்கக் கடலில் துளையிட்ட கப்பலும் அதுதான் என்பதால், அந்தச் செய்தி எனக்குச் சொந்த இழப்பாகவே இருந்தது. ஆனால் அது எடுத்த வண்டல் அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷனிலும், ஜெர்மனியின் பிரெமனிலும், ஜப்பானின் கோச்சியிலும் குளிர்காப்பகங்களில் பத்திரமாக இருக்கிறது. கப்பல் நின்ற பிறகும் இன்றைய மாணவர் ஒருவர் அங்கே மாதிரி கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுக்கும் ஏரி மண்ணுக்கும் சதுப்பு மண்ணுக்கும் அப்படி ஒரு பொதுக் காப்பகம் வேண்டும் என்பதே என் நீண்டநாள் வேண்டுகோள். ஒவ்வொரு திட்டத்தின் நிதியிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்து, மண்டலத்துக்கு ஒன்றாக அதை நடத்தலாம். ஆய்வாளர் ஓய்வு பெற்றதும் அவருடைய கோர்கள் வராந்தாவுக்கு வந்து, அடுத்த வெள்ளையடிப்பின்போது குப்பைக்குப் போகும் நிலையை நான் இரண்டு இடங்களில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என் திட்டத்தைப் பொறுத்தவரை, களப்பயணத் தொகையில் ஒரு பகுதியை உபகரணத் தலைப்புக்கு மாற்ற அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். தொடர்செலவிலிருந்து மூலதனச் செலவுக்கு மாற்றுவது எளிதில் நடப்பதில்லை என்று தெரியும். கடிதத்தின் முதல் பத்தியில் கோபன்ஹேகனின் கண்ணாடிச் சாடிகளைப் பற்றி எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் களப்பணி தொடங்கிவிட்டது. சென்ற வாரம் எடுத்த நான்கரை மீட்டர் கோரின் காப்பகப் பாதி, மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கில் இருக்கிறது. என் மாணவர் ஒருவரின் தந்தை அங்கே கிழங்கு வியாபாரம் செய்கிறார். கிழங்குக்கும் பீட்டுக்கும் ஒரே 4 பாகை பொருந்தும் என்று சொல்லித் தயக்கத்தோடு கேட்டபோது, "வெச்சுட்டுப் போங்க சார், கெழங்கு மூட்டைக்கு நடுவுல இதுக்கு என்ன பெரிய எடம் வேணும்" என்றார். ஜெனரேட்டர் உண்டு, இரவுக் காவலும் உண்டு. ஒன்பது குழாய்களையும் பலகைப் பெட்டியில் அடுக்கி, மேல்மூடியில் ஆழங்களையும் தேதியையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றும் உள்ளே இருக்கிறது. மாதம் ஒருமுறை மாணவர் ஊருக்குப் போகும்போது அதைப் படித்து எடுத்து வருவார்.